சூடாக இருந்த பென்டிரைவ்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி அந்த வட்டாரத்தில் விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. பூட் அக்கா என்று கேட்டால் தபால்காரர் கூட வழி சொல்லிவிடுவார். மருந்துக் கடைக்குப் பக்கத்துப் படியில் ஏறி, இடது பக்கக் கதவு. மணியை அழுத்த வேண்டாம், தட்டினால் போதும். மணி கெட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஊர்க் கம்ப்யூட்டரையெல்லாம் எழுப்பிவிடுகிறவள் தன் வீட்டு மணியைச் சரி செய்யக்கூடாதா என்று யாராவது கேட்டால், "அது என் டிபார்ட்மென்ட் இல்ல, அவர் டிபார்ட்மென்ட்" என்று கணவரைக் கை காட்டுவாள். பேருந்து ஓட்டுகிற அந்த நல்ல மனிதர் செய்தித்தாளுக்குள் முகத்தை இன்னும் கொஞ்சம் புதைத்துக்கொள்வார்.

அவள் படித்தது வணிகவியல். ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் நாள் முழுக்கப் படிவங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் அவளுடைய கம்ப்யூட்டர் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. நான்கு நாள் கழித்து வந்த மெக்கானிக்கின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இப்ப என்ன பண்றீங்க, எதுக்குப் பண்றீங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "சொன்னா உங்களுக்குப் புரியாது மேடம்" என்றான். பாவம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அந்த வார்த்தைக்காகவே கற்றுக்கொண்டாள். ஆறு மாதத்தில் அந்த அலுவலகத்துக்கு அவன் வர வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. மூன்று வருஷத்தில் அவளே வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கிக்கொண்டாள். இப்போது நாற்பத்தாறு வயது. இந்த வேலை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அவளுடைய கருவிப்பெட்டி என்பது ஒரு சாவிக்கொத்துதான். வீட்டுச் சாவி, பீரோச் சாவியோடு ஏழு பென்டிரைவ்கள் தொங்கும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சிஸ்டம் படுத்துவிட்டால், அது தானாக எழுந்திருக்காது. வெளியிலிருந்து ஒரு பென்டிரைவைச் சொருகி, அதிலிருந்து கிளம்ப வைக்க வேண்டும், அதற்குத்தான் பூட் செய்வது என்று பெயர். வெறுமனே ஃபைலைக் காப்பி செய்து வைத்தால் அப்படிக் கிளம்பாது. அதற்கென்று ஒரு புரோகிராம் இருக்கிறது. அது பென்டிரைவில் உள்ளதையெல்லாம் முதலில் துடைத்துவிட்டு, பிறகுதான் புதிய சிஸ்டத்தை எழுதும். ஏழுக்கும் ஏழு நிறத்தில் நகப்பூச்சால் பொட்டு வைத்திருந்தாள். மகளுடைய நகப்பூச்சுதான். அது தொடர்பாக வீட்டில் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது.

இந்தத் தொழிலில் அவளுக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்று உண்டு, ஃபார்மட், அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. "தலைவலின்னு போனா தலையையே எடுத்துடற வைத்தியம்" என்பாள். பிடித்த வார்த்தையும் ஒன்று உண்டு, எண்ணு. எழுதும் புரோகிராமுக்குக் கண்ணில்லை, ஈவிரக்கமும் இல்லை, எந்தப் பென்டிரைவைக் காட்டினாலும் துடைத்துவிடும். அதனால் எழுதுவதற்கு முன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒன்றே ஒன்றைச் சொருகி, எண்ணிப் பார்க்க வேண்டும். பதினெட்டு வருஷத்தில் ஒருமுறைகூட அவள் தப்பான பென்டிரைவைத் துடைத்ததில்லை. இதைச் சொல்லும்போது அவள் குரல் உச்சாணிக் கொம்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தப்பு செய்த மற்றவர்களின் கதைகளையும் வரிசையாகச் சொல்வாள், கேட்காமலே.

ஒரு திங்கட்கிழமை காலை பிரெய்ல் அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது. பார்வை இல்லாத பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் அச்சடிக்கும் இடம் அது. மூன்றே அறைகள். ஒன்றில் தடித்த தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தித் தள்ளும் இயந்திரம், அது ஓடும்போது பேசினால் கத்தித்தான் பேச வேண்டும். ஒன்றில் கூரை வரை தாள்கட்டுகள். நடு அறையில் மூன்று மேசைகளும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றும். அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் புரூஃப் சார் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புரூஃப் சாருக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. அச்சாகி வரும் தாளை விரலால் படித்துப் பிழை திருத்துவது அவர் வேலை. முந்நூறு பக்கத்தில் ஒரு புள்ளி விட்டுப் போயிருந்தாலும் விரல் அங்கே போய் நின்றுவிடும். அச்சகத்தின் மேலாளர் அம்மாவே தான் பிரெய்லில் எழுதும் கடிதங்களை அவரிடம் நீட்டப் பயப்படுவாள்.

"வாங்க. ஏற்கெனவே ரெண்டு பேர் வந்து பார்த்துட்டாங்க" என்றார். "ரெண்டு பேரும் ஒரே வார்த்தைதான் சொன்னாங்க."

"ஃபார்மட்டா?"

"அதேதான்."

"நல்லவேளை, செய்ய விடாம அனுப்பினீங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாள். ஒரே ஒரு தடவை மின்சாரத்தைக் கொடுத்து, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று தட்டியது. உடனே நிறுத்தினாள்.

"சிஸ்டம் படுத்ததுக்குக் காரணமே டிஸ்க்தான் சார். அது போற வழியில இருக்கு. இனிமே ஒரு தடவைதான் ஓட விடணும். பென்டிரைவ்ல இருந்து கிளப்பி, டிஸ்க்ல ஒரு எழுத்துகூட எழுதாம, உள்ள இருக்கறத மட்டும் வேற பென்டிரைவுக்கு அள்ளிக்கலாம். அப்புறம் புது டிஸ்க் போட்டு, அதே பென்டிரைவால சிஸ்டம் ஏத்திடறேன். பாதியில உசுரு போனாலும் போயிடும். அதனால எது முதல்ல வேணும்னு சொல்லுங்க."

டிஸ்கில் இரண்டு சங்கதிகள் இருந்தன. ஒன்று, பள்ளி திறப்பதற்குள், மூன்று வாரத்தில் அச்சாக வேண்டிய அறிவியல் புத்தகம். பதினொரு அத்தியாயம். அதிலுள்ள ஒவ்வொரு படத்தையும் பார்வையுள்ளவர்கள் விவரிக்க, அதைப் பார்வையில்லாத பிள்ளைக்குப் புரிகிற வாக்கியமாகப் புரூஃப் சார் மாற்றி எழுதியிருந்தார். ஐந்து மாத உழைப்பு. இன்னொன்று, கடிதங்கள். அவர் திருத்திய புத்தகங்களைப் படித்த பிள்ளைகள் பதினொரு வருஷமாக எழுதியவை, நானூறுக்கு மேல். பழைய மெயில் கணக்கு மூடப்பட்டபோது எல்லாவற்றையும் இந்த மெஷினில் இறக்கி வைத்திருந்தார். வேலை ஓய்ந்த நேரத்தில் கம்ப்யூட்டரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்.

"கடிதங்களை முதல்ல எடுங்க" என்றார். "பாடம் என் பென்டிரைவ்லயும் இருக்கு. வெள்ளிக்கிழமை தவறாம நகல் எடுத்துடுவேன். கடிதங்கள் வேற எங்கயும் இல்ல. அச்சு வேலைக்கு நாலு பேர் கைக்குப் போற பென்டிரைவ்ல சொந்தச் சமாச்சாரம் வைக்கக் கூடாதில்லையா."

கொத்திலிருந்த ஏழும் புது மெஷின்களுக்கானவை. இந்தக் கிழட்டு மெஷினுக்கு இலகுவான சிஸ்டம் ஒன்றைத்தான் எழுத வேண்டும். அவள் தன் லேப்டாப்பைத் திறந்தாள், சொருகியிருந்ததையெல்லாம் கழற்றினாள், பச்சைப் பொட்டு வைத்த பென்டிரைவை மட்டும் சொருகினாள், எண்ணினாள். ஒன்று. புரோகிராமைத் திறந்து, எழுத வேண்டிய சிஸ்டத்தையும் தேர்ந்தெடுத்தாள். அப்போதுதான் கையைப் பார்த்தாள். பெட்டிக்குள்ளிருந்த பத்து வருஷத் தூசி விரலெல்லாம் அப்பியிருந்தது. கை கழுவப் போனாள்.

அவள் போன நேரத்தில் புரூஃப் சார் தன் இழுப்பறையைத் திறந்து, பாடங்கள் இருந்த பென்டிரைவை எடுத்தார். வந்தவள் அப்புறம் தேடிக்கொண்டிருக்க வேண்டாமே என்ற நல்லெண்ணம். லேப்டாப்பின் ஓரத்தை விரலால் தடவி, மறுபக்கத்தில் காலியாக இருந்த துளையைக் கண்டுபிடித்து, அழகாகச் சொருகிவிட்டு, தன் நாற்காலிக்குப் போய்விட்டார். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய, ஒரே அளவிலான கறுப்புப் பென்டிரைவ்கள். புதிதாக எதைச் சொருகினாலும், உடனே அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது அந்தப் புரோகிராமின் குணம். திரையில் நகப்பூச்சு தெரியாது.

அவள் திரும்பி வரும்போதே கைபேசி அடித்தது. மகள். கல்லூரி அடையாள அட்டையைக் காணோமாம். "நேத்து மாட்டிக்கிட்டுப் போன பையில பாரு. அந்தப் பை இல்ல, இன்னொண்ணு" என்று தோளில் கைபேசியை இடுக்கிக்கொண்டே தொடங்கு பொத்தானை அழுத்தினாள். இதிலுள்ளது எல்லாம் அழிந்துவிடும், சரியா என்று புரோகிராம் கேட்டது. ஆயிரம் தடவை பார்த்த கேள்வி. சரி என்று தட்டினாள்.

அடையாள அட்டை கிடைத்தது. கைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தால், பச்சைப் பொட்டுப் பென்டிரைவின் விளக்கு மின்னவில்லை. லேப்டாப்பின் மறுபக்கத்தில் ஏதோ நீலமாக மின்னிக்கொண்டிருந்தது.

"சார், இந்தப் பக்கம் ஏதாவது சொருகினீங்களா?"

"ஆமா, பாடப் பென்டிரைவ். நீங்க தேட வேண்டாமேன்னு மாட்டி வெச்சேன். ஏன், இடைஞ்சலா?"

"இல்ல, சும்மா கேட்டேன்" என்றாள். கை அதற்குள் நிறுத்து பொத்தானை அழுத்தியிருந்தது. இருபத்தாறு சதவீதம் என்று திரை காட்டியது. துடைப்பதற்கு அந்த இருபத்தாறு தேவையே இல்லை, முதல் நொடியிலேயே துடைத்தாகிவிட்டது.

புரூஃப் சார் எழுந்து வந்தார். "வேண்டாம்னா நானே வெச்சுக்கறேன். உங்க பக்கத்துல கிடந்தா கலந்துடும்" என்று சொல்லி, தடவிப் பார்த்துத் தன் பென்டிரைவைக் கழற்றினார். அதை இரண்டு விரலுக்கிடையில் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

அவள் மறுபடியும் எண்ணினாள், ஒன்று. பச்சைப் பொட்டுப் பென்டிரைவில் எழுத ஆரம்பித்தாள். எட்டு நிமிஷம் ஆகும் என்றது திரை. அவள் வாழ்க்கையில் அத்தனை நீளமான எட்டு நிமிஷம் இருந்ததில்லை.

உண்மையை மறைப்பது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். மெஷின் கிளம்பியதும் கடிதங்களுக்குப் பதிலாகப் பாடங்களை முதலில் எடுத்துவிடலாம். அவருக்குத் திரை தெரியாது. மேலாளர் அம்மா அச்சு அறையில் இருக்கிறாள். நேரமிருந்தால் கடிதங்களும் வந்துவிடும், வராவிட்டால் டிஸ்க் போய்விட்டது சார் என்று கையை விரிக்கலாம். பிறகு அந்தப் பென்டிரைவை ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கி, பாடங்களைத் திரும்பப் போட்டுக் கொடுத்துவிடலாம். பூசி மெழுக எல்லா வசதியும் இருந்தது. பதினெட்டு வருஷப் பெருமையும் அப்படியே கொம்பில் உட்கார்ந்திருக்கும். இப்படியெல்லாம் யோசித்ததை அவள் பின்னால் யாரிடமும் மறைக்கவில்லை. "யோசிச்சேன். அஞ்சு நிமிஷம் முழுசா யோசிச்சேன்" என்றே சொல்வாள்.

அவளை உறுத்தியது வேறொன்று. பாடமா, கடிதமா என்பதில் கடிதங்கள் அவருடையவை. ஐந்து மாதமும் அவருடையது. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுப்பது என்றால் அதை அவரல்லவா செய்ய வேண்டும். அவர் முகத்துக்கு நேரே, அவருக்குத் தெரியாமல், நாம் யார் அதை முடிவு செய்ய?

எழுதி முடிந்தது. பென்டிரைவைக் கழற்றி, பழைய மெஷினில் சொருகினாள். மின்சார ஸ்விட்சில் விரலை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"சார், உங்க பாடப் பென்டிரைவை நான் அழிச்சுட்டேன். கை கழுவிட்டு வந்து மறுபடி எண்ணிப் பார்க்காம பட்டனைத் தட்டிட்டேன். நீங்க சொருகினது தப்பில்ல, நான் எண்ணாததுதான் தப்பு. இப்ப பாடமும் கடிதமும் ரெண்டுமே இந்த டிஸ்க்ல மட்டும்தான் இருக்கு. டிஸ்க் எவ்வளவு நேரம் தாங்கும்னு எனக்குத் தெரியாது. எது முதல்லன்னு நீங்க சொல்லுங்க."

பக்கத்து அறை இயந்திரம் ஒரு தாளை முடித்துவிட்டு அடுத்த தாளுக்காக நின்றது. புரூஃப் சார் மேசை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பாள்.

"பாடத்தை எடுங்க" என்றார் கடைசியில்.

"சார்..."

"கடிதம் எழுதின பிள்ளைங்க படிச்சு முடிச்சாச்சு. இனிமே படிக்கப் போறவங்க காத்துக்கிட்டு இருக்காங்க. எடுங்க. ஒன்பதாவது அத்தியாயம் முதல்ல, அதுலதான் படம் அதிகம்."

அவள் மின்சாரத்தைக் கொடுத்தாள். பென்டிரைவிலிருந்து மெஷின் ஒரே மூச்சில் எழுந்தது. அந்த வேலையில் மட்டும் அவள் கைக்குச் சறுக்கல் கிடையாது. டிஸ்க் டிக் டிக்கென்று தட்டத் தட்ட, ஒன்பதாவது அத்தியாயம் வந்தது. பிறகு மூன்று, ஏழு, பதினொன்று. அவர் வரிசை சொல்லச் சொல்ல அவள் எடுத்தாள். ஒவ்வொன்று முடியும்போதும் "வந்துடுச்சு சார்" என்றாள். கடைசி அத்தியாயத்துக்கு இருபது நிமிஷம் பிடித்தது. பாடம் முழுக்க வந்து சேர்ந்ததும் மூச்சு விடாமல் கடிதங்களுக்குத் தாவினாள்.

முப்பத்தாறு கடிதங்கள் வந்தன. முப்பத்தேழாவதில் தட்டும் சத்தம் நின்றுவிட்டது.

அரை மணி நேரம் அவளுக்குத் தெரிந்த அத்தனை வித்தையும் காட்டிப் பார்த்தாள். டிஸ்க் கல்லாகக் கிடந்தது. "அவ்வளவுதான் சார்" என்றாள். எந்த வேலையிலும் அழாதவள் அன்று புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் புது டிஸ்க்கை மாட்டி, அதே பச்சைப் பொட்டுப் பென்டிரைவால் சிஸ்டத்தை ஏற்றி, பாடங்களையும் முப்பத்தாறு கடிதங்களையும் உள்ளே வைத்து, இரண்டு பென்டிரைவில் நகலும் எடுத்துக் கொடுத்தாள். அழிந்த பென்டிரைவை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் தோண்டிப் பார்த்தாள். மூன்று அத்தியாயங்கள் அரையும் குறையுமாக வந்தன, மற்றவை வெறும் குப்பை. கடிதங்களை முதலில் எடுத்திருந்தால் புத்தகம் இல்லை.

அன்றிலிருந்து அவள் பேச்சில் ஒரு மாற்றம் வந்தது. தைரியம் குறையவில்லை. அது குறைந்தால் அவள் பூட் அக்காவே இல்லை. ஆனால் தப்பான பென்டிரைவைத் துடைத்தவர்களின் கதைகளைச் சொல்லும்போது, தன் கதையைத்தான் முதலில் சொன்னாள்.

புத்தகம் சொன்ன நாளில் அச்சாகிப் போயிற்று. மூன்று மாதம் கழித்து அச்சகத்திலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. இன்னொரு மெஷின் வாங்கியிருக்கிறார்கள், சிஸ்டம் ஏற்ற வேண்டும். அவள் போனபோது புரூஃப் சார் முகத்தில் பாதிச் சிரிப்பும் பாதி எரிச்சலுமாக இருந்தது.

"ஒரு கடிதம் வந்திருக்கு. ஒன்பதாவது அத்தியாயத்துல, இதயப் படத்துக்கு நான் எழுதினதுல இடது வலது மாறியிருக்காம். பத்தாவது படிக்கிற பொண்ணு. முந்நூறு பக்கத்துல அதைக் கண்டுபிடிச்சிருக்கு பாருங்க" என்றார். "பத்திரமா எடுத்து வைக்கணும். ரெண்டு இடத்துல."

"மூணு இடத்துல வெச்சுடறேன் சார்."

லேப்டாப்பைத் திறந்து, எல்லாவற்றையும் கழற்றி, ஒன்றைச் சொருகினாள். இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தாள். அது இப்போது பழக்கமாகிவிட்டிருந்தது. "ஒண்ணு" என்று வாய்விட்டு எண்ணினாள்.

"அன்னிக்கு அந்தப் பென்டிரைவைக் கழட்டினேன் இல்லையா" என்றார் அவர். "நல்ல சூடு. சும்மா சொருகி வெச்சது அவ்வளவு சுடாது. ஏதோ எழுதியிருக்குன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

அவள் கை பொத்தானுக்கு மேலேயே நின்றது. "எட்டு நிமிஷமும் தெரிஞ்சுதான் உட்கார்ந்திருந்தீங்களா?"

"ஆமா."

"நான் சொல்லாம இருந்திருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?"

"பாடத்தைத்தான் எடுக்கச் சொல்லியிருப்பேன்" என்றார் புரூஃப் சார். "ஆனா இன்னிக்கு வேற ஆளைக் கூப்பிட்டிருப்பேன்."